மக்காவில் கற்ற மொழி: இரண்டாம் ஜைனுத்தீன் மக்தூமின் கல்வி வாழ்வு

ஆய்வுச்சுருக்கம்

பதினாறாம் நூற்றாண்டில் பொன்னானியில் வாழ்ந்த ஷைகு அகமது ஜைனுத்தீன் மக்தூம், இளமையில் கடல் கடந்து மக்கா சென்று அரபு மொழியிலும் ஷாஃபிஈ சட்டநூல்களிலும் தேர்ந்தவர். மஅபர் எனப்பட்ட தமிழ்க் கடற்கரையை மூலமாகக் கொண்ட குடும்பத்தில் தோன்றிய இவருடைய வாழ்வை, அயல்நாட்டுக் கல்வி என்னும் கோணத்தில் இக்கட்டுரை ஆராய்கிறது. மக்காவில் பெற்ற மொழி அவருக்கு எதைத் தந்தது, அவருடைய மண்ணின் மக்களுக்கு எதைத் தந்தது என்னும் இரு வினாக்கள் இங்கு முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஜைனுத்தீன் மக்தூம், பொன்னானி, மஅபர், ஃபத்ஹுல் முஈன், துஹ்ஃபதுல் முஜாஹிதீன், அரபுக் கல்வி.

முன்னுரை

தமிழக முஸ்லிம்களின் கல்வி வரலாற்றில் காயல்பட்டினம், கீழக்கரை, வேலூர் ஆகிய ஊர்கள் பெற்றுள்ள இடம் நன்கு அறியப்பட்டது. இவ்வூர்களில் ஷாஃபிஈ சட்டநெறியைப் பின்பற்றும் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக ஓதிவந்த கிதாபுகளுள் ஃபத்ஹுல் முஈன் முதன்மையானது. அரபு மொழியில் அமைந்த இந்நூலை எழுதியவர் அரபு நாட்டினர் அல்லர். மேற்குக் கடற்கரையில் பிறந்து அங்கேயே அடங்கியவர். அவருடைய முன்னோர் கிழக்குக் கடற்கரையிலிருந்து சென்றவர்கள். இந்தியப் பெருங்கடல் முழுவதும் பயிலப்பட்ட ஒரு பாடநூலை எழுதும் அளவுக்கு ஒரு மலபார் மாணவர் அயல்மொழியில் தேர்ச்சி பெற்றது எவ்வாறு என்பது ஆராயத்தக்கது.

மலையும் கரையும்

இக்கல்விப் பயணத்தின் பின்னணியில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. போடிநாயக்கனூருக்கு மேற்கே எழும் ஏலமலைச் சரிவுகளில் விளையும் ஏலக்காய் இன்றும் அவ்வூரின் விற்பனைக் கூடங்களுக்கு இறங்கி, அங்கிருந்து அரபு நாடுகளின் காப்பிக் கோப்பை வரை செல்கிறது. ஏலக்காயை அரபியில் ஹால் என்றும் ஹைல் என்றும் வழங்குவர். ஏலா என்னும் வடசொல்லோடும் ஏலம் என்னும் தமிழ்ச்சொல்லோடும் இவ்வழக்குகள் கொண்டுள்ள ஒலி நெருக்கம் கருதத்தக்கது. மலைமுகட்டின் கிழக்கே விழும் மழைநீர் கொட்டகுடி ஆற்றின் வழியாக வைகையைச் சேர்கிறது. மேற்கே விழுவது அரபிக் கடலை நோக்கிச் செல்கிறது. மலைவிளைபொருளும் இவ்வாறே இருபுறமும் இறங்கியது.

பெருந்தோட்டங்கள் தோன்றுவதற்கு முன்னர் ஏலம் பெரும்பாலும் காட்டில் தானே விளைந்து சேகரிக்கப்பட்ட பொருள். மிளகு, இஞ்சி, ஏலம் ஆகியவற்றை ஏற்றிச்சென்ற மரக்கலங்களே மாணவர்களையும் ஏற்றிச்சென்றன. ஆனைமலைப் பகுதியில் தோன்றும் பாரதப்புழை கடலில் கலக்கும் இடத்தில் அமைந்த பொன்னானி, கோழிக்கோட்டுச் சாமூதிரி மன்னரின் ஆட்சிக்குட்பட்ட துறைமுகம். வணிகம் இல்லையேல் அவ்வூரில் கல்விக்கூடம் இருந்திருக்காது. மாணவர் கடல் கடந்திருக்கவும் இயலாது.

மஅபரிலிருந்து பொன்னானிக்கு

அரபு நூலோர் சோழமண்டலக் கரையையும் பாண்டிநாட்டுக் கரையையும் மஅபர் என்று குறித்தனர். மக்தூம் குடும்பத்தினர் அக்கரையிலிருந்து பதினைந்தாம் நூற்றாண்டில் கொச்சிக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களின் முந்தைய ஊர் காயல்பட்டினம் என்பது மரபு. குடும்பத்தின் முதற்பெரும் அறிஞரான முதலாம் ஜைனுத்தீன், ஹிஜ்ரி 871இல் (கி.பி. 1467) கொச்சியில் பிறந்தார். பொன்னானியிலும் கோழிக்கோட்டிலும் ஓதிய பின் மக்கா சென்று கற்றுத் திரும்பிய அவர், பொன்னானிப் பெரிய பள்ளிவாசலைக் கல்விமையமாக்கினார், 1522இல் மறைந்தார். சூஃபி நெறியைச் செய்யுளில் கூறும் அவருடைய ஹிதாயதுல் அத்கியா பிற்காலத்தில் மக்காவிலும் உரை பெற்றது.

அவருடைய மகன் முகம்மது அல்கஸ்ஸாலியின் புதல்வரே இக்கட்டுரையின் தலைவர். மாகிக்கு அருகிலுள்ள சோம்பாலில் ஹிஜ்ரி 938ஐ ஒட்டி (கி.பி. 1531-32) பிறந்த இவர், பாட்டனாரின் பெயரையே பெற்றதால் இரண்டாம் ஜைனுத்தீன் என்றும் சின்ன மக்தூம் என்றும் அறியப்படுகிறார். பாட்டனார் இவர் பிறப்பதற்கு முன்பே மறைந்துவிட்டார். எனினும் அவர் சென்ற கடல்வழி பேரனுக்கு முன்னே திறந்திருந்தது. அயல்நாடு சென்று கற்பது அக்குடும்பத்தில் இரண்டு தலைமுறைகளுக்கு முன்பே நடந்தேறிய செயலாகும்.

மனனமும் மொழியும்

இவர் தந்தையிடம் தொடக்கக் கல்வி பெற்றுப் பின் பொன்னானியில் சிறிய தந்தை அப்துல் அஜீஸ் மக்தூமிடம் ஓதினார். அக்காலப் பள்ளிவாசல் கல்வியில் அரபு மொழி பேச்சின் வழியாகக் கற்பிக்கப்படவில்லை. திருக்குர்ஆனை ஓசை பிழையாமல் ஓதுதல், பின் இலக்கணச் செய்யுள்களை மனனம் செய்தல், அதன்பின் கிதாபைச் சொற்சொல்லாகப் பிரித்துப் பொருள் கூறுதல் என்னும் படிநிலையில் அது அமைந்தது. இப்னு மாலிக் இயற்றிய அல்ஃபிய்யா என்னும் ஆயிரம் அடிகளைக் கொண்ட இலக்கணநூல் இம்முறையின் நடுநாயகமாக விளங்கியது. முதலாம் ஜைனுத்தீன் அதற்கு உரை எழுதத் தொடங்கினார். அதை நிறைவுசெய்தவர் அப்துல் அஜீஸ். ஆகவே இரண்டாம் ஜைனுத்தீன் அரபு இலக்கணத்தைத் தம் குடும்பத்தின் சொந்தக் கல்வியாகவே பெற்றார் எனலாம்.

நன்னூல் நூற்பாக்களை மனனம் செய்து பின்னர் உரைவழிப் பொருள் தெளியும் தமிழ்க் கல்விமரபோடு இம்முறை ஒப்பிடத்தக்கது. இரண்டிலும் நூற்பா சுருங்கியது, உரை விரிந்தது, ஆசிரியரின் வாய்மொழி இவ்விரண்டையும் இணைப்பது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தமிழ் மாணவன் தான் பேசும் மொழியின் இலக்கணத்தைக் கற்றான். பொன்னானி மாணவனோ வீட்டிலும் தெருவிலும் பேசாத ஒரு மொழியின் இலக்கணத்தைக் கற்றான். எழுத்தில் அறிந்த மொழியை வாழும் மொழியாகக் கேட்கும் வாய்ப்பு அவனுக்குக் கடலுக்கு அப்பால்தான் கிடைத்தது.

மக்கா வாழ்க்கை

வடகிழக்குப் பருவக்காற்றில் மலபாரை விட்டுப் புறப்படும் கலங்கள் ஏடன் வழியாகச் செங்கடலை அடைந்தன. அவ்வாண்டே திரும்ப விரும்புவோர் தென்மேற்குக் காற்றின் வேகம் தணியும் வரை காத்திருக்க வேண்டும். ஆகவே ஹஜ்ஜுக் கடமைக்குச் செல்வோரும் அங்குப் பல மாதங்கள் தங்கினர். பதினாறாம் நூற்றாண்டில் இவ்வழியில் மற்றோர் இடரும் சேர்ந்தது. போர்த்துகீசியர் தம் அனுமதிச்சீட்டு இல்லாத கலங்களைக் கைப்பற்றினர், பயணிகள் உயிரிழந்தனர். இளம் ஜைனுத்தீன் மேற்கொண்ட பயணத்தை இச்சூழலில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

அவர் மக்காவில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் தங்கிக் கற்றார் என்பது வாழ்க்கை வரலாற்று மரபு. அன்று மக்கா 1517 முதல் உதுமானியப் பேரரசின் மேலாண்மைக்கு உட்பட்டிருந்தது. புனிதப் பள்ளியின் தூண்களுக்கு இடையே ஆசிரியர் அமர, மாணவர் வட்டமாகச் சூழ்ந்திருந்து கேட்பது கல்விமுறை. எழுத்துத் தேர்வும் பட்டமளிப்பும் அங்கில்லை. ஒரு நூலை ஆசிரியரிடம் முழுமையாக ஓதிமுடித்த மாணவருக்கு அதைக் கற்பிக்கும் இசைவாகிய இஜாஸா வழங்கப்பட்டது. அவ்வட்டங்களில் எகிப்தியர், யமனியர், இந்தியக் கரையினர் ஆகியோர் அருகருகே அமர்ந்தனர். அவர்களுக்குப் பொதுவான மொழி அரபு ஒன்றே. பொன்னானியில் கிதாபின் மொழியாக இருந்த அரபு, இங்கு ஐயம் கேட்கவும் மறுத்துரைக்கவும் அன்றாடத் தேவையை நிறைவேற்றவும் உரிய மொழியாயிற்று.

ஜைனுத்தீனின் ஆசிரியர்களுள் தலையாயவர் இப்னு ஹஜர் அல்ஹைதமி. எகிப்தில் பிறந்து ஹிஜ்ரி 940 முதல் மக்காவில் நிலைத்து வாழ்ந்த இவர், ஷாஃபிஈ நெறியின் பிற்கால முடிவுகளை வரையறுத்த இருவருள் ஒருவர். நவவியின் மின்ஹாஜ் என்னும் சட்டநூலுக்கு இவர் எழுதிய துஹ்ஃபதுல் முஹ்தாஜ் இன்றும் மேற்கோள் நூலாக விளங்குகிறது. ஹிஜ்ரி 974இல் (கி.பி. 1566-67) இவர் மறைந்தார். அப்துல் அஜீஸ் ஸம்ஸமி முதலிய பிற அறிஞர்களிடமும் ஜைனுத்தீன் கற்றார். காதிரிய்யா நெறியில் பயிற்சியும் பெற்றார்.

ஆசிரியருடனான தொடர்பு மக்காவோடு முடிந்துவிடவில்லை. தாம் எழுப்பிய வினாக்களுக்குச் சமகால அறிஞர்கள் அளித்த விடைகளை அல்அஜ்விபதுல் அஜீபா என்னும் தொகுப்பாக ஜைனுத்தீன் ஆக்கினார். ஒரு மாணவர் தம் ஊரின் சிக்கல்களைப் பேரறிஞர்களிடம் வினாவாக வடிக்க வேண்டுமானால், அச்சிக்கலை அயல்மொழியின் சட்டச்சொற்களில் பிசகின்றி அமைக்கத் தெரிந்திருக்க வேண்டும். இத்திறனே அயல்நாட்டுக் கல்வியின் முதற்பயனாக அவரிடம் வெளிப்படுகிறது.

விளக்கின் அருகில்

தாயகம் திரும்பிய ஜைனுத்தீன் பொன்னானிப் பள்ளிவாசலில் கற்பிக்கும் பொறுப்பை ஏற்றார். அப்பள்ளியில் தொங்கிய விளக்கைச் சுற்றி அமர்ந்து ஓதுவது உயர்கல்வியின் அடையாளமாகக் கருதப்பட்டது. விளக்கத்திருத்தல் என்று வழங்கும் அம்மரபின்படி, அங்கு அமர்ந்து ஓதித் தேர்ந்தவர் முசலியார் என்னும் சிறப்புப் பெற்றார். மக்காவின் தூணடி வட்டமும் பொன்னானியின் விளக்கடி வட்டமும் அமைப்பில் ஒத்தவை. வெளியூர் மாணவர்களுக்கு ஊரார் உணவளித்துப் பேணினர். ஒரு துறைமுக ஊரின் வருவாய் இவ்வாறு கல்வியாக மாறியது.

சூத்திரமும் உரையும்

ஜைனுத்தீன் முதலில் குர்ரதுல் ஐன் என்னும் சுருக்கமான சட்டநூலை இயற்றினார். பின்னர் அதற்குத் தாமே ஃபத்ஹுல் முஈன் என்னும் உரையை எழுதி ஹிஜ்ரி 982இல் (கி.பி. 1574-75) நிறைவுசெய்தார். நூலாசிரியரே உரையாசிரியராவது தமிழ் மரபுக்குப் புதிதன்று. அடுத்த நூற்றாண்டில் தோன்றிய இலக்கண விளக்கம், பிரயோக விவேகம், இலக்கணக் கொத்து ஆகிய மூன்றும் ஆசிரியரின் சொந்த உரையோடு கூடியவை. சுருங்கச் சொல்லல் மனனத்திற்கும், விளங்க வைத்தல் பாடம் நடத்துவதற்கும் உதவுவதால் இருவேறு மொழிச்சூழல்களிலும் இவ்வடிவம் வேரூன்றியது என்று கருத இடமுண்டு.

நூலின் அமைப்பு அவருடைய ஆசிரியத் திறத்தைக் காட்டுகிறது. சட்டநூல்கள் பொதுவாகத் தூய்மை பற்றிய இயலில் தொடங்கும். ஃபத்ஹுல் முஈன் தொழுகையிலிருந்து தொடங்கி, தூய்மையை அதற்குரிய முன்தேவையாக உள்ளடக்குகிறது. கற்பவர் நாள்தோறும் செய்யும் கடமையே வாயிலாக அமைகிறது. உரையில் எம் ஆசிரியர் என்னும் பொருள்தரும் சொல்லால் அவர் இப்னு ஹஜரைப் பலவிடங்களில் சுட்டுகிறார். அந்நூல் நிறைவுபெற்றபோது ஆசிரியர் மறைந்து ஏழெட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. பெயர் கூறாமலே யாரென்று விளங்கும் அச்சுட்டில், மக்காவின் கல்வி வட்டத்தைப் பொன்னானி மாணவர்க்கு முன்னே நிறுத்தும் உரிமையும் நன்றியும் ஒருசேர அமைந்துள்ளன.

வாசகரை இழந்த நூல்

துஹ்ஃபதுல் முஜாஹிதீன் வரலாற்று நூல். நான்கு பகுதிகளைக் கொண்ட இது, போர்த்துகீசியரை எதிர்த்தலின் கடமை, மலபாரில் இஸ்லாம் பரவிய வரலாறு, அந்நிலத்து முஸ்லிமல்லாதாரின் வழக்கங்கள், 1498 முதல் 1583 வரையிலான போர்த்துகீசியரின் செயல்கள் ஆகியவற்றை முறையே கூறுகிறது. முதற்பகுதி போருக்கு அழைக்கும் சமய உரை. ஏனைய பகுதிகளோ ஓர் ஆய்வாளரின் நடையைக் கொண்டவை. சேரமான் பெருமாளை ஒத்த மன்னர் ஒருவர் இஸ்லாத்தைத் தழுவிய கதையை எடுத்துரைக்கும் அவர், அது நபிகளாரின் காலத்தில் நிகழ்ந்தது என்னும் மக்கள் நம்பிக்கையை ஏற்கவில்லை. ஹிஜ்ரி இருநூறுக்குப் பின்னரே நிகழ்ந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார். தம் சமூகத்திற்குப் பெருமைதரும் கதையையே காலக்கணக்கில் வைத்து ஐயுற்றது குறிப்பிடத்தக்கது.

நாயர்களின் மருமக்கள்தாய உரிமையையும் சாதி விலக்குகளையும் அவர் விரிவாகப் பதிவுசெய்துள்ளார். உள்நாட்டில் பிறந்தவர்க்கு இவ்வழக்கங்கள் வியப்பூட்டுவன அல்ல. அரபு வாசகருக்கு அவை புதியவை என்பதை அறிந்து விளக்குகிறார். தம் ஊரை வெளியிலிருந்து நோக்கும் இப்பார்வை பத்தாண்டு வெளிநாட்டு வாழ்வின் மற்றொரு பயன் எனலாம். சாமூதிரி மன்னர் முஸ்லிம்களைக் காக்கத் தம் செல்வத்தைச் செலவிட்டதை அவர் போற்றுகிறார். வலிமைமிக்க முஸ்லிம் அரசர்கள் வாளாவிருந்ததைக் கடிகிறார். மிளகு, இஞ்சி வணிகம் தடுக்கப்பட்டதையும் அரபுக் கரைக்குச் செல்லும் வழி அடைக்கப்பட்டதையும் இழப்புகளாகக் கூறுகிறார். தாம் கற்கச் சென்ற வழியே அடைபடுவதைக் கண்டவர் அவர்.

இந்நூலை அவர் பீஜப்பூர் அரசர் முதலாம் அலி ஆதில் ஷாவுக்குக் காணிக்கையாக்கினார். 1570-71இல் கோவாவை முற்றுகையிட்டவர் அவ்வரசர். சாலியம் கோட்டையைச் சாமூதிரியின் படை 1571இல் வீழ்த்தியது. எனவே அவரிடம் உதவி எதிர்பார்ப்பதற்கு அடிப்படை இருந்தது. ஆனால் அலி ஆதில் ஷா 1580இல் கொல்லப்பட்டார். நூலிலோ 1583 வரையிலான நிகழ்ச்சிகள் இடம்பெற்றுள்ளன. யாருக்காக எழுதப்பட்டதோ அவர் மறைந்த பின்னும் ஜைனுத்தீன் பதிவுசெய்வதை நிறுத்தவில்லை என்பது இதனால் தெளிவாகிறது. உதவி கோரும் விண்ணப்பமாகத் தொடங்கிய எழுத்து, எதிர்காலத்திற்கான சான்றாக மாறியது. ரோலண்ட்சனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1833இலும், டேவிட் லோபெஸின் போர்த்துகீசிய மொழிபெயர்ப்பு 1898இலும் வெளிவந்தன. எஸ். முகம்மது ஹுசைன் நயினாரின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1942இல் வெளியிட்டது. யாரை எதிர்த்து எழுதப்பட்டதோ அவர்களின் மொழியிலேயே அந்நூல் வாசிக்கப்பட்டது.

அரபியும் தாய்மொழியும்

ஜைனுத்தீனின் நூல்கள் அனைத்தும் அரபியில் அமைந்தவை. அவர் மலையாளத்திலோ தமிழிலோ எழுதவில்லை. ஃபத்ஹுல் முஈன் நிறைவுபெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1572இல், வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிரமசலா மதுரையில் அரங்கேறியது. கிடைத்துள்ள முழுமையான இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் அது தொன்மையானது. கோழிக்கோட்டுக் காழி முகம்மது 1607இல் முஹ்யித்தீன் மாலையை அரபு மலையாளத்தில் பாடினார். ஒரே காலப்பகுதியில், ஒரே மலைத்தொடரின் இருபுறமும், சமயக் கருத்துகள் மக்கள் மொழிக்கு வந்துகொண்டிருந்தன.

இந்நிலையில் மக்தூம் அரபியைத் தேர்ந்தது மக்களிடமிருந்து விலகியதாகுமா என்னும் வினா எழுகிறது. அவருடைய நூல்களை மீனவரும் உழவரும் வணிகரும் நேரடியாக வாசித்திருக்க இயலாது. இது மறுக்கவியலாத குறை. எனினும் இரு காரணங்கள் எண்ணத்தக்கன. முதலாவது, அவர் எதிர்கொண்ட சிக்கல் கடல் தழுவியது. பீஜப்பூர் அரசருக்கும் மக்கா அறிஞருக்கும் எட்ட வேண்டிய செய்தியை மலபாரின் மொழியில் சொல்லிப் பயனில்லை. இரண்டாவது, அரபு நூல் பொன்னானி வட்டத்தில் தனியே நிற்கவில்லை. ஆசிரியர் அரபுச் சொல்லைப் படித்துத் தாய்மொழியில் பொருள் கூறினார். மாணவர் தத்தம் ஊரில் அதையே செய்தனர். அரபு எழுத்தில் தமிழையும் மலையாளத்தையும் எழுதும் வழக்கம் வளர்ந்ததற்கு இத்தகைய இருமொழிப் பாடமுறை துணைபுரிந்திருத்தல் கூடும். ஆகவே அரபுக் கல்வியும் மக்கள் மொழி இலக்கியமும் ஒன்றையொன்று விலக்கியவை அல்ல; ஒரே பாடத்தின் எழுத்துப் பகுதியும் வாய்மொழிப் பகுதியும் எனக் கொள்வது பொருந்தும்.

முடிவுரை

ஜைனுத்தீன் மக்தூம் பிறந்த சோம்பாலிலேயே, குஞ்ஞிப்பள்ளி வளாகத்தில், அவருடைய அடக்கத்தலம் உள்ளது. மஅபரிலிருந்து சென்ற குடும்பத்தில் பிறந்து, பொன்னானியில் இலக்கணம் ஓதி, மக்காவில் மொழியை வாழ்ந்து கற்று, மீண்டும் பொன்னானியில் கற்பித்தது அவர் வாழ்வு. அயல்நாட்டுக் கல்வி அவரிடம் மூன்று பயன்களை விளைவித்தது: உள்ளூர்ச் சிக்கலை உலகறிந்த மொழியில் வினாவாக்கும் திறன், தம் மண்ணைப் புறத்தார் நோக்கிலும் காணும் பார்வை, பிறருக்குப் பாடமாகும் நூலை வடிவமைக்கும் தெளிவு. அங்கேயே தங்கிவிடாமல் திரும்பியதால் இம்மூன்றும் ஊருக்கு உரியவையாயின.

அந்நூலின் பிற்கால வரலாறு இதற்குச் சான்று. ஃபத்ஹுல் முஈன் மலபாரிலும் தமிழ்க் கரையிலும் இந்தோனேசியத் தீவுகளிலும் பாடநூலாயிற்று. குர்ரதுல் ஐனுக்கு ஜாவாவில் பிறந்து மக்காவில் வாழ்ந்த நவவி அல்பன்தனி உரை எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மக்கா ஆசிரியர் சையித் பக்ரி ஷத்தா, ஃபத்ஹுல் முஈனைப் பாடம் நடத்தியதன் விளைவாக இஆனதுத் தாலிபீன் என்னும் விரிவுரையை உருவாக்கினார். மலபாரிலிருந்து வந்த மாணவர் அமர்ந்து கேட்ட அதே புனிதப் பள்ளியில், முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், அரபு மாணவர்கள் அமர்ந்து அவருடைய நூலை ஓதினர். தமிழகத்தின் அரபுக் கல்விக்கூடங்களில் இன்று அந்நூலைத் திறக்கும் மாணவர், தம் கரையிலிருந்து சென்ற ஒரு குடும்பத்தின் எழுத்தையே வாசிக்கிறார். அயல்மொழிக் கல்வி ஒருவழிப் பாதையன்று என்பதை இவ்வரலாறு உறுதிசெய்கிறது.